கண் போன இடம்

மரப்பெட்டியைத் திறந்து அந்தத் தொப்பியை வெளியே எடுத்தபோது நூல் சுற்றும் பகுதிப் பெண்கள் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு குண்டானைக் கவிழ்த்துப் போட்டு, அதன் உச்சியில் ஒரு கேமராவையும், ஓரத்தில் ஒரு குட்டி பல்பையும், கண்ணுக்கு நேரே வளைந்து இறங்கும் ஒரு குழாயையும் வைத்துத் திருகியதுபோல் இருந்தது அது.

"இதப் போட்டுக்கிட்டு மணவறையில உக்காந்தா மாப்பிள்ள எந்திரிச்சு ஓடிருவான்" என்றாள் சைதூன். மறுபடியும் ஒரு சிரிப்பு எழுந்தது.

ஒச்சம்மாள் சிரிக்கவில்லை. அந்தத் தொப்பி எதற்கு வருகிறது என்று மேஸ்திரி தங்கமுத்து காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"வேலை நேரத்துல எவ எவ எங்கெங்க பராக்குப் பாக்குறான்னு இந்த மிஷினு படம் புடிச்சிரும். இனிமே ஒருத்தியும் ஏமாத்த முடியாது."

பராக்கு என்ற அந்தச் சொல்தான் ஒச்சம்மாளின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. போன தை மாதம் பெருமாயியின் வலது கையை எடுத்துக்கொண்டு போனதும் அந்தச் சொல்தான் என்று அவள் நினைத்தாள். கையை எடுத்தது ஷாஃப்ட். ஆனால் கை போன பிறகு மிச்சமிருந்த பெருமாயியை எடுத்தது அந்தச் சொல்.

திண்டுக்கல்லுக்கு வெளியே, மதுரை ரோட்டில் இருந்த அந்த மில்லில் எல்லாம் பழைய மிஷின்கள். சீமையில் ஓடி ஓய்ந்தவற்றை வாங்கி வந்து பூட்டியிருந்தார்கள். நூல் சுற்றும் பகுதியில், மிஷின்களுக்கு நடுவே போகும் சந்தின் கோடியில், முழங்கால் உயரத்தில் ஒரு இரும்பு ஷாஃப்ட் சுழன்றுகொண்டே இருக்கும். அதிலிருந்து பெல்ட் ஏறி மிஷின்களை ஓட்டும். அதை மூடுவதற்குக் கம்பி வலையில் ஒரு மூடி உண்டு. பெல்ட் அடிக்கடி நழுவும். ஒவ்வொரு தடவையும் மூடியைக் கழற்றி மாட்டினால் மிஷின் நிற்கும். அதனால் மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். பேக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று சேதி வந்தால் மட்டும் அது தன் இடத்துக்குப் போகும். அவர் கார் கேட்டைத் தாண்டியதும் திரும்பச் சுவருக்கு வந்துவிடும்.

பெருமாயி நூல் கட்டைகள் எடுக்க அந்தச் சந்துக்குள் போனவள். முந்தானையை ஷாஃப்ட் பிடித்தது. இழுத்த முந்தானையை விடுவிக்கக் கையை நீட்டினாள். அப்புறம் ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மில்லில் ஒரு விசாரணை நடந்தது. தொழிலாளி பராக்குப் பார்த்ததால் ஏற்பட்ட விபத்து என்று முடிவு சொன்னார்கள். மூடி போட்டுத்தான் இருந்தது என்றும் சொன்னார்கள். பெருமாயியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது பராக்கைப் பிடிக்க மிஷினே வந்துவிட்டது.

அதைக் கொண்டுவந்தவர் பெயர் இருதயநாதன். முத்தழகுபட்டிக்காரர்தான். படித்துவிட்டு வடக்கே ஏதோ ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார். ஒல்லியான மனிதர், பேசும்போது மூக்குக் கண்ணாடியை விரலால் ஏற்றிக்கொண்டே பேசுவார். மேனேஜர் அவரைப் பெருமையாகக் கூட்டி வந்து பெண்களுக்கு முன்னால் நிறுத்தினார்.

"இப்ப ஒருத்தி மிஷினுக்கு ஒரு சைடு பாக்குறீங்க. உங்க கண்ணுக்கும் கைக்கும் எம்புட்டு நேரம் சும்மா கெடைக்குதுன்னு சார் அளந்து சொல்லப்போறாரு. நேரம் மிச்சமிருந்தா ரெண்டு சைடு பாக்கலாம். விஞ்ஞானம் சொன்னா நானும் கேக்கணும், நீங்களும் கேக்கணும்."

சைதூனின் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

முதல் ஆளாக ஒச்சம்மாளைத்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பகுதியில் வேகமான கை அவளுடையது. அறுந்த நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டு விடுவது அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாது. அவளால் ரெண்டு சைடு முடியும் என்று படம் சொன்னால் மற்றவர்களைச் சொல்ல வேண்டியதில்லை. மேனேஜர் கணக்கு அது.

ஸ்டூலில் உட்காரவைத்து, கொண்டையை அவிழ்த்துத் தாழப் போடச் சொல்லி, தொப்பியை மாட்டினார் இருதயநாதன். கழுத்து அமுங்கியது. பல்பின் வெளிச்சம் ஓரத்திலிருந்து கண்ணில் விழுந்து நீர் கோத்தது.

"ரொம்பக் கூசுதாம்மா?"

"கூசுது. ஆனா பரவால்ல. இது என்னத்தப் புடிக்கும் சார்? நான் மனசுல நெனைக்கிறதையும் புடிக்குமா?"

அவர் சிரித்தார். "அதெல்லாம் புடிக்காது. இந்த வெளிச்சம் உங்க கருவிழியில பட்டுத் திரும்பும். திரும்புற புள்ளிய இந்தக் குழாய் மேல கொண்டுபோகும். கேமரா உங்களுக்கு முன்னால இருக்கறதப் படம் புடிக்கும். அந்தப் படத்து மேலயே இந்தப் புள்ளியும் விழும். படத்த ஓட்டிப் பாத்தா, நீங்க எதப் பாக்குறீங்களோ அது மேல ஒரு வெள்ளைப் புள்ளி நிக்கும். கண்ணு நகந்தா புள்ளியும் நகரும். அம்புட்டுத்தான்."

எதிர்ச் சுவரில் எண்கள் எழுதிய அட்டையை மாட்டி, ஒன்றைப் பார், ஐந்தைப் பார், ஒன்பதைப் பார் என்று சொல்லிச் சொல்லித் திருகாணிகளைத் திருகினார். புள்ளி எண்ணின் மேல் சரியாக உட்கார்ந்ததும் எழுந்து நிற்கச் சொன்னார். கேமரா தலைக்கு மேல் தையல் மிஷின் மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. ஒச்சம்மாள் எப்போதும்போல் வேலை செய்தாள். கட்டை தீர்ந்தால் மாற்றினாள், அறுந்தால் முடிந்தாள். படச்சுருள் முடிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கழுத்தைத் தேய்த்துக்கொண்டு மிஷினுக்குப் போய்விட்டாள். அன்று அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

படச்சுருள் மெட்ராசுக்குப் போய்க் கழுவப்பட்டு வந்தது. ஒரு நாள் பகலில் மேஸ்திரி வந்து ஆபீஸ் அறைக்கு வா என்றார். ஜன்னலில் சாக்குப் படுதா கட்டி அறையை இருட்டாக்கியிருந்தார்கள். மேனேஜரும் இருதயநாதனும் இருந்தார்கள். அவளைச் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். புரொஜக்டர் ஓடியது.

வெள்ளைச் சுவரில் அவளுடைய மிஷின் தெரிந்தது. அவளுடைய கைகள் கீழிருந்து எழுந்து வந்தன. ஒரு நூலிலிருந்து அடுத்த நூலுக்கு அந்தப் புள்ளி வெட்டுக்கிளி மாதிரி தாவிக்கொண்டிருந்தது. அதுதான் தன் பார்வை என்று புரிந்தபோது ஒச்சம்மாளுக்கு உடம்பு ஒருமாதிரி ஆகிவிட்டது. தான் பார்ப்பதை வெளியே நின்று தானே பார்ப்பது யாருக்கு வாய்த்திருக்கிறது!

அப்போது புள்ளி சட்டென்று படத்தின் ஓரத்துக்கு ஓடியது. திரும்பி நூலுக்கு வந்தது. கொஞ்சம் கழித்து மறுபடியும் அதே ஓரத்துக்கு ஓடியது. கட்டை மாற்றும்போது ஓடியது. முடிச்சுப் போட்டு முடித்ததும் ஓடியது. தண்ணீர்ப் பாம்பு தலையைத் தூக்கிப் பார்ப்பதுபோல் அங்கே போய்ப் பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டு வந்தது.

"பாத்தீங்களா?" என்றார் மேனேஜர். "இதுதான் நான் சொன்னது. எம்புட்டு நேரம் வெளிய போகுது பாருங்க கண்ணு! இந்த நேரத்த சேத்தாலே இன்னொரு சைடு பாத்துரலாம்."

"அந்தப் பக்கந்தான் சார் வாசலு" என்றார் தங்கமுத்து. "ஆம்பளைக போவ வர இருப்பாங்க."

இருட்டுக்குள் மேனேஜர் மெல்லச் சிரித்தார். ஒச்சம்மாள் அதைக் கவனிக்கவில்லை. அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஓரத்தில் இருந்தது வாசல் இல்லை. வாசலுக்கு இப்பால், சந்துக்கோடியில், மூடியில்லாமல் சுழலும் ஷாஃப்ட். தான் இத்தனை தடவை அங்கே பார்க்கிறோம் என்பது அவளுக்கே தெரியாது. மனசு மறக்கப் பார்த்ததைக் கண் மறக்கவில்லை. தினமும் காவல் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

"அது வாசல் இல்ல சார்" என்றாள். "பெருமாயி கை போன இடம் அது."

இருதயநாதன் திரும்பி அவளைப் பார்த்தார். "எந்தப் பெருமாயி?" என்று கேட்டார். ஒருவரும் அவரிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை.

"அது முடிஞ்சுபோன கதை" என்று மேனேஜர் குறுக்கே விழுந்தார். "அந்தம்மா பராக்குப் பாத்துச்சு, பட்டுச்சு. இந்தாம்மா, அடுத்த மாசம் முதலாளி வாராரு. கோயமுத்தூர் மில்லுக்காரங்க வாராங்க. இன்ஸ்பெக்டரும் வாராரு. எல்லாருக்கும் இந்தப் படத்தப் போட்டுக் காட்டப்போறோம். அதுக்கு இன்னொரு தடவ எடுக்கணும். நூல மட்டும் பாக்கணும். கண்ணு அங்கிட்டு இங்கிட்டுப் போகக் கூடாது. வெளங்குதா?"

"அப்படிச் சொல்லி எடுத்தா அது அளவு ஆகாது சார்" என்றார் இருதயநாதன்.

"நீங்க சும்மா இருங்க. செலவு எங்களது."

அன்று ஷிப்டு முடிந்ததும் ஒச்சம்மாள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. நாகல்நகர்ப் பக்கம் ஒரு வெங்காய மண்டியில் பெருமாயி தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வாசலில் குவிந்து கிடந்த சின்ன வெங்காயத்துக்கு முன்னால் உட்கார்ந்து, இடது கையால் அழுகலைப் பொறுக்கி வீசிக்கொண்டிருந்தாள். வலது தோளில் முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"வா ஒச்சு. என்ன இம்புட்டுத் தூரம்?"

ஒச்சம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் பொறுக்க ஆரம்பித்தாள். தொப்பியைப் பற்றியும் படத்தைப் பற்றியும் சொன்னாள். பெருமாயி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"மதினி, நான் ஒண்ணு கேக்குறேன். கோவிச்சுக்கிறாத. அன்னைக்கு நீ எங்க பாத்துக்கிட்டு இருந்த?"

பெருமாயி கையை நிறுத்தினாள். இத்தனை மாதத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை. மில் விசாரணையில்கூடக் கேட்கவில்லை; அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள்.

"நூலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். "கட்டை எடுக்கக் குனிஞ்சேனா, எம் மிஷின்ல ஒண்ணு அறுந்துருச்சு. மேஸ்திரி 'நூலு, நூலு'ன்னு சத்தம் போட்டாரு. திரும்பி அதப் பாத்தேன். பாத்துக்கிட்டே எந்திரிச்சேன். முந்தானை பின்னால போனது எனக்கு எப்படித் தெரியும்? அவுக பாக்கச் சொன்னதத்தான் பாத்தேன் ஒச்சு. ஒரு செத்த நேரம் பராக்குப் பாத்திருந்தா எங்கை எனக்கு இருந்திருக்கும்."

சொல்லிவிட்டு மறுபடியும் வெங்காயத்தைப் பொறுக்கினாள். ஒச்சம்மாளால் பொறுக்க முடியவில்லை. கண் எரிந்தது வெங்காயத்தாலா வேறு எதனாலா என்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"வாரேன் மதினி."

"என்ன செய்யப் போற?"

"அவுகளுக்கு எங்கண்ணுதான வேணும்? காட்டுறேன்."

இரண்டாவது தடவை படம் எடுக்கும் நாள் வந்தது. மேனேஜர் தானே வந்து நின்றார். தங்கமுத்து புது நூல் கட்டைகளாகப் பார்த்து வைத்திருந்தார். மற்ற பெண்கள் தங்கள் மிஷின்களில் நின்றபடியே பார்த்தார்கள். ஒச்சம்மாள் தொப்பியை மாட்டிக்கொண்டாள். அட்டையில் எண்களைப் பார்த்தாள். புள்ளி சரியாக உட்கார்ந்தது என்று இருதயநாதன் தலையாட்டினார்.

"நூலு. நூல மட்டும் பாரு" என்றார் மேனேஜர்.

கேமரா ஓட ஆரம்பித்தது. ஒச்சம்மாள் மிஷினுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள். கைகளை இரண்டு பக்கமும் தொங்கவிட்டாள். தலையைச் சந்துக்கோடிப் பக்கம் திருப்பினாள். கண்ணை ஷாஃப்டின் மேல் வைத்தாள்.

அங்கேயே வைத்தாள்.

ஒரு நூல் அறுந்தது. பக்கத்தில் இன்னொன்று அறுந்தது. கட்டைகள் தீர்ந்து காலியாகச் சுற்றின. "ஏய், அறுந்துருச்சு பாரு!" என்று தங்கமுத்து கத்தினார். அவள் திரும்பவில்லை. பல்பின் கூச்சத்தில் கண்ணிலிருந்து நீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது. இமைத்தாள், மறுபடியும் அங்கேயே பார்த்தாள். எண்ணெய்ப் பளபளப்போடு ஷாஃப்ட் சுழன்றது. அதன் முனையில் பூட்டிய ஆணித்தலை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வெளிச்சத்தைப் பிடித்தது. பெருமாயியின் முந்தானையைப் பிடித்தது அந்த ஆணித்தலைதான். பயம் இருந்தது. ஆனால் வாழ்க்கையில் அதுவரை எதையும் இத்தனை நேரம், யாரிடமும் அனுமதி கேட்காமல், தன் இஷ்டத்துக்குப் பார்த்ததில்லை என்றும் தோன்றியது.

"நிறுத்துங்க சார் அத!" என்றார் மேனேஜர்.

இருதயநாதன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "நடுவுல நிறுத்தினா சுருள் வீணாப்போயிரும் சார்" என்றார். நிறுத்தவில்லை. சுருள் தானாக முடிந்து படபடவென்று அடிக்கும் வரை அப்படியே நின்றார்.

மேனேஜர் அவளைத் திட்டிய திட்டு அந்தப் பகுதி முழுக்கக் கேட்டது. இவளை விடுங்கள், நாலு பேரைத் தனித்தனியாக எடுங்கள், நல்லதாகப் பார்த்துக் காட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். தங்கமுத்து சைதூனைக் கூப்பிட்டார்.

சைதூன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். புருசன் விட்டுவிட்டுப் போனவள். பேகம்பூரில் தாயையும் இரண்டு பிள்ளைகளையும் அவள் சம்பளம்தான் காப்பாற்றியது. ஒச்சம்மாள் அவளைப் பார்க்காமல், அறுந்த நூல்களை முடிந்துகொண்டு நின்றாள். சைதூனிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. சொல்ல அவளுக்கு உரிமையும் இல்லை.

தொப்பியை மாட்டிக்கொண்டு சைதூன் தன் மிஷினுக்குப் போனாள். கேமரா ஓடியது. சைதூன் மெல்லத் தலையைத் திருப்பினாள். சந்துக்கோடியைப் பார்த்தாள். அவள் மிஷினிலும் நூல் அறுந்தது.

அடுத்து வந்த இருவரும் அதையே செய்தார்கள். கடைசியாக வந்த சிவனம்மாள் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது; பெருமாயியை அவள் கண்ணால் கண்டதுகூட இல்லை. தொப்பிக்கு அடியில் அவள் உதடு நடுங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. அவளும் அங்கேதான் பார்த்தாள். தங்கமுத்து கத்தி ஓய்ந்துபோய் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவது படச்சுருள்களும் மெட்ராசுக்குப் போயின. மேனேஜருக்குப் பழைய படத்தையாவது போட்டுக் காட்டிவிடலாம் என்று எண்ணம். கழுவி வந்த புதுச் சுருள்களில் எதையாவது தேற்ற முடியுமா என்று இருதயநாதனைக் கேட்டார். பார்த்தேன், எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது என்று மட்டும் அவர் சொன்னார். அது பொய் இல்லை.

முதலாளி வந்த நாளன்று கேன்டீனைக் கூட்டிக் கழுவி, சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, நாற்காலி போட்டிருந்தார்கள். நூல் சுற்றும் பெண்களைப் பின்னால் நிற்கவைத்திருந்தார்கள், இவர்கள்தான் படத்தில் வருகிறவர்கள் என்று விருந்தாளிகளுக்குக் காட்ட. இன்ஸ்பெக்டரும் வந்திருந்ததால் அன்று காலையிலேயே கம்பி வலை மூடி ஷாஃப்ட் மேல் ஏறியிருந்தது. மில்லைச் சுற்றிப் பார்த்தபோது அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

விளக்கு அணைந்தது. புரொஜக்டர் ஓடியது.

ஒச்சம்மாளின் பழைய படம் வரும் என்று காத்திருந்தவர்களுக்கு முன்னால் அந்த ஷாஃப்ட் வந்து நின்றது. மூடி இல்லாமல். சுவரில் சாய்த்து வைத்த மூடியும் படத்தில் பக்கத்திலேயே தெரிந்தது. சுழலும் இரும்பின் நட்டநடுவில் வெள்ளைப் புள்ளி உட்கார்ந்திருந்தது. நகரவில்லை. சில சமயம் ஒரு நொடி மறைந்தது, இமைத்ததால். திரும்ப அதே இடத்தில் எரிந்தது.

முன்வரிசையில் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் குனிந்து கேட்டார்: "ஏனுங்க, அந்தப் புள்ளி நவுரவே மாட்டீங்குதுங்களே? மிஷினு ரிப்பேருங்களா?"

"ரிப்பேர் இல்லைங்க" என்றார் இருதயநாதன். "அந்தம்மா அங்கதான் பாக்குறாங்க."

"எதைங்க பாக்கறாங்க?"

அவர் பதில் சொல்லுமுன் அடுத்த சுருள் வந்தது. சைதூனின் கண். வேறு பக்கத்திலிருந்து அதே ஷாஃப்ட், அதே புள்ளி. அதற்கடுத்ததும் அதேதான்.

"லைட்டப் போடுங்க! சுருள் மாறிப்போச்சு" என்று மேனேஜர் எழுந்தார்.

"வேணாஞ்சார்." பின்னாலிருந்து வந்த குரல் ஒச்சம்மாளுடையது. அத்தனை பெரிய மனிதர்களுக்கு முன்னால் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "செத்த நேரந்தான, பாருங்க. நாங்க தெனம் பாக்குறோம். பெருமாயிங்கிற ஒரு பொம்பள கைய அந்த இடந்தான் வாங்குச்சு. மூடி போட்டிருந்துச்சு, அவதான் பராக்குப் பாத்தான்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டீக. இந்தா, மூடி சொவத்துல நிக்குது. எங்க கண்ணு எங்க போகுதுன்னு கேட்டீகள்ல? அங்கதான் போகுது. ரெண்டு சைடு குடுத்தாலும் அங்கதான் போகும்."

யாரும் விளக்கைப் போடவில்லை. சிவனம்மாளின் புள்ளி வந்தது. அது மட்டும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. பயந்த பிள்ளையின் பார்வை. ஆனால் அதுவும் விலகவில்லை. இருட்டில் இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மில்லுக்குள் போய் மூடியைத் தொட்டுப் பார்த்தார். அன்று காலையில் முடுக்கிய திருகாணிகளில் புது எண்ணெய் மினுங்கியது. திரும்பி வந்து மேனேஜரைப் பார்த்த பார்வையில் ஒரு தொப்பியும் தேவையில்லாமலே எல்லாம் தெரிந்தது.

மறுநாள் அந்த மூடியைப் பற்றவைத்து நிரந்தரமாக்கினார்கள். அதே நாள் ஒச்சம்மாளைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வேண்டுமென்றே நூலை வீணாக்கினாள், முதலாளியை அவமானப்படுத்தினாள் என்று குற்றச்சாட்டு. மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று தங்கமுத்து சொல்லிவிட்டுப் போனார்.

அவள் புருசன் வீரன், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாகச் சொன்னான்: "ரெண்டு வரி எழுதிக் குடுத்தா என்னா கொறஞ்சா போயிருவ?"

"கொறஞ்சு போயிருவேன்" என்றாள் ஒச்சம்மாள், தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தை அவன் தட்டில் வைத்துக்கொண்டே.

அவன் சோற்றைப் பிசைந்தான். "அப்ப எழுதாத" என்றான்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜரும் மதுரையிலிருந்து வந்த வக்கீலும் உட்கார்ந்திருந்தார்கள். வேலை நேரத்தில் உன் கவனம் மில்லுக்குச் சொந்தம் என்பதை ஒப்புக்கொள்கிறாயா என்று வக்கீல் கேட்டார்.

"வேலை மில்லுக்குச் சொந்தம் சார். கைய நீட்டிச் செய்யிறேன், காலு வலிக்க நிக்கிறேன். கண்ணு என்னோடது. எனக்கு ஆபத்து எங்கிருந்து வருதோ அங்கதான் அது பாக்கும். அத மாத்துறதுக்கு ஒங்ககிட்டயும் தொப்பி இல்ல."

"அப்ப மன்னிப்பு எழுத மாட்ட?"

"மாட்டேன்."

அன்று பகல் ஷிப்டுக்குச் சங்கு ஊதியபோது நூல் சுற்றும் பெண்கள் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் உட்கார்ந்தவள் சைதூன். தூக்குச் சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே போகும் ஆண்களையெல்லாம் சாப்பிட வாங்க என்று சத்தமாகக் கூப்பிட்டாள். சிலர் நின்றார்கள். மறுநாள் நூற்கும் பகுதியிலும் பாதிப்பேர் உள்ளே போகவில்லை. சங்கத்துக்காரர்கள் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தார்கள், எல்லாம் தங்கள் ஏற்பாடு மாதிரி கொடியோடு. பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் ஒச்சம்மாளை மன்னிப்பு இல்லாமலே உள்ளே எடுத்தார்கள். ரெண்டு சைடு வேலை அடுத்த வருசம் வேறு பெயரில் வரத்தான் செய்தது. அதோடும் அவர்கள் மல்லுக்கு நின்றார்கள்; ஆனால் அது முழுக்க ஜெயித்த சண்டை இல்லை.

ஒச்சம்மாளுக்கு இன்னொரு காரியம் பாக்கியிருந்தது. ஒரு லீவு நாளில் பெருமாயியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய், தொழிலாளர் நஷ்ட ஈட்டு அதிகாரியிடம் மனுப் போட்டாள். காலம் கடந்துவிட்டது என்றார்கள், காத்திருக்கச் சொன்னார்கள், ஒத்திவைத்தார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். சாட்சி சொல்ல இருதயநாதன் வடக்கேயிருந்து படச்சுருளோடு வந்தார். அவர் ஆராய்ச்சிக் கூடத்தில் அது பிடிக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

பெருமாயி சாட்சி சொல்லும் நாளில் அறை நிரம்பியிருந்தது. மில் வக்கீல் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். குமாஸ்தா தலையை நிமிர்த்தாமலே, சத்தியம் செய்ய வலது கையைத் தூக்கச் சொன்னார்.

பெருமாயி போர்த்தியிருந்த முந்தானையை எடுத்துவிட்டாள். முழங்கைக்கு மேலே முடிந்துபோன கையை எல்லோரும் பார்க்கும்படி நின்றாள்.

"அது மில்லுல கெடக்குய்யா" என்றாள். "வேணும்னா ஆளு விட்டு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் இதத்தான் தூக்க முடியும்."

இடது கையைத் தூக்கினாள். வெங்காயச் சருகு ஒட்டிய கை. அறையில் எல்லாக் கண்ணும் அங்கேதான் இருந்தது. மில் வக்கீல் மட்டும் காகிதத்தைப் பார்க்க முயன்றார், முடியவில்லை.

பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒச்சம்மாள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். அதிகாரி மேஜையைத் தட்டி அவளை வெளியே போகச் சொன்னார். அவள் எழுந்து, சிரிப்பை அடக்காமலே நடந்து போய், கதவுக்கு வெளியே நின்று, உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.